பழைய பிஸ்டலும் மேகசினும்: சீர்செய்கிறேன் என்று கெடுக்காதீர்கள்

அமெரிக்காவில் பழைய ராணுவ பிஸ்டல்களைச் சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் 1911 வகையில்தான், அதாவது அமெரிக்க ராணுவத்தின் பழைய .45 பிஸ்டலில்தான், கை வைக்கிறார்கள். வாங்கிய சூட்டோடு அதைச் சீர்செய்ய உட்காருகிறார்கள், கெடுக்கிறார்கள். தவறுகளிலும் புதுமை கிடையாது. அவர்களுக்கு முன்னால் வாங்கியவர்கள் எதைக் கெடுத்தார்களோ, அதையேதான் இவர்களும் கெடுக்கிறார்கள். மேகசினைக் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) கழற்றி, ஸ்லைடை (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) இழுத்துப் பிடித்து, சேம்பர் (சுடப்படும் தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகே வேலை தொடங்க வேண்டும் என்பதையெல்லாம் இங்கே விளக்கப்போவதில்லை. அது தெரியாதவர் ஸ்க்ரூடிரைவரைத் தொடவே வேண்டாம்.

மேகசின் செய்த குற்றத்துக்கு ஃபிரேமைத் தண்டிப்பது

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது. செலவும் இதில்தான் அதிகம்.

சுடும்போது நடுவில் ஒரு தோட்டா சிக்குகிறது. ஸ்லைடு பாதியில் நிற்க, தோட்டாவின் மூக்கு ஃபிரேமிலுள்ள (பிஸ்டலின் கீழ் உடம்பு) ஃபீட் ரேம்பில், அதாவது சேம்பருக்கு ஏற்றிவிடும் சரிவில், முட்டிக்கொண்டு நிற்கிறது. கண்ணுக்குத் தெரிவது சரிவு என்பதால் பழியும் அதன் தலையில் விழுகிறது. உடனே சிறிய கிரைண்டரும் பாலிஷ் பசையும் வெளியே வருகின்றன. பத்தே நிமிடத்தில் சரிவு முகம் பார்க்கிற அளவுக்கு மின்னும். பிஸ்டல் முன்பைவிட மோசமாகச் சிக்கும்.

1911-இல் அந்தச் சரிவு தனி உதிரிபாகம் அல்ல, ஃபிரேமின் உடம்பிலேயே வெட்டப்பட்டது. அதன் கோணம் ஏறத்தாழ 31.5 டிகிரி. பேரலின் அடியில் உள்ள சிறிய சரிவுக்கும் ஃபிரேம் சரிவின் மேல் விளிம்புக்கும் நடுவே ஏறக்குறைய 1/32 அங்குலம், அதாவது 0.8 மில்லிமீட்டர், இடைவெளி இருந்தாக வேண்டும். பேரல் கீழே இறங்கிப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நிலையில் பார்த்தால் அந்தப் படி தெரியும். புதிதாக வந்தவர் இதைத் தயாரிப்புக் குறை என்று நினைத்து இரண்டையும் ஒரே வழவழப்பான வளைவாகச் சேர்த்துவிடுகிறார். படி போய்விட்டால் தோட்டா பேரலின் கீழ் விளிம்பில் இடிக்கும். பேரலை முன்னால் தள்ளும், நிமிர்ந்து ஏறாது. மேல் விளிம்பு உருண்டுபோனாலும் இதே கதிதான். தேய்த்த உலோகத்தைத் திரும்ப வைக்க வழியில்லை. வெல்டிங் செய்து மறுபடி வெட்ட வேண்டும், அல்லது மில்லிங் செய்து எஃகுத் துண்டு ஒன்றைப் பொருத்த வேண்டும். 1943-இல் செய்த ஒரு ரெமிங்டன் ராண்ட் ஃபிரேமில் அதைச் செய்தால், வேலை எவ்வளவு நன்றாக அமைந்தாலும் சேகரிப்பு மதிப்பு போனது போனதுதான். (நம் ஊர் டைப்ரைட்டிங் வகுப்புகளில் தட்டிய அதே ரெமிங்டன்தான். இரண்டாம் உலகப் போரில் 1911ஏ1 பிஸ்டல்களை மிக அதிக எண்ணிக்கையில் செய்தது அந்த டைப்ரைட்டர் நிறுவனம்.)

பேரலின் சரிவைத் தேய்ப்பது இதைவிட ஆபத்து. சேம்பரின் அடிப்பக்கம் தோட்டாவின் பித்தளை ஓட்டை எவ்வளவு தூரம் தாங்கிப் பிடிக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் அழுத்தத்தை அந்த ஓடு தாங்கும். அங்கே உலோகம் குறைந்தால் தாங்கலில்லாத இடத்தில் ஓடு புடைக்கும். முற்றினால் வெடித்து, சூடான வாயு மேகசின் வழியாகக் கீழே இறங்கும்.

அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது எது? மேகசின். ஒவ்வொரு மேகசினின் அடியிலும் அழிக்கக்கூடிய பேனாவால் ஓர் எண் போடுங்கள். எது, எத்தனையாவது தோட்டாவில், எப்படிச் சிக்கியது என்று எழுதிவையுங்கள். கோளாறு ஒரே எண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிஸ்டலைத் தொடவே வேண்டாம்.

சிக்குகிற விதமே காரணத்தைச் சொல்லிவிடும். மூக்கு குனிந்து சரிவின் அடிப்பகுதியில் குத்தினால், பெரும்பாலும் மேகசின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். கடைசித் தோட்டா மட்டும் தகராறு செய்தாலோ, தீர்ந்த பிறகும் ஸ்லைடு பின்னால் நிற்காவிட்டாலோ அதே சந்தேகம்தான். காலி மேகசினைப் போட்டு ஸ்லைடைக் கையால் இழுத்துப் பாருங்கள், அது பூட்டிக்கொள்ள வேண்டும். எல்லா மேகசினும் ஒரேமாதிரி மூக்குக் குனிந்தால் மேகசின் கேட்சை, அதாவது மேகசினை உள்ளே பிடித்து நிறுத்தும் கொக்கியை, பாருங்கள். கேட்ச் தேய்ந்தால் மேகசின் கொஞ்சம் தாழ்ந்து உட்காரும், தோட்டாவும் தாழ்ந்துதான் புறப்படும்.

அடுத்தது மேகசினின் வாய், அதாவது தோட்டாவைப் பிடித்திருக்கும் இரண்டு உதடுகள். நன்றாக ஓடும் மேகசின் ஒன்றின் உதடுகளுக்கு நடுவே உள்ள அகலத்தை வெர்னியரால் முன்னும் பின்னும் அளந்து, சந்தேகமானதோடு ஒப்பிடுங்கள். உதடு வளையும் பின் மூலையில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் சிலவற்றில் மயிரிழை விரிசல் தெரியும். அதை சுடுவதற்குப் பயன்படுத்தாதீர்கள். விரிந்த உதட்டைக் குறடால் நெரித்துச் சரிக்கட்டுவது அடுத்த விரிசலுக்கு வழி.

பழைய 1911 மேகசினின் அடித்தட்டு கழலாது. ஃபாலோயரை (ஸ்பிரிங்கின் மேல் இருந்து தோட்டாவை உயர்த்தும் தகடு) அழுத்திக் கீழே தள்ளி, பக்கவாட்டுத் துளை வழியாக மெல்லிய கம்பி ஒன்றைக் குறுக்கே செருகி ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்துங்கள். கவிழ்த்துத் தட்டினால் ஃபாலோயர் விழும். பிறகு வாயைத் துணியால் மூடிக்கொண்டு கம்பியை உருவுங்கள். எடுப்பதற்கு முன் ஸ்பிரிங் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், தலைகீழாகப் போட்டாலும் உள்ளே போய்விடும். பழைய ஸ்பிரிங்கைப் புதியதன் பக்கத்தில் வைத்தால் உயரம் குறைந்திருப்பது தெரியும். உள்ளே எண்ணெய் விடக்கூடாது. தூசியைச் சேர்க்கும், தோட்டாவின் பிரைமர் (அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் மூடி) பக்கமும் ஊறும். துடைத்துக் காயவிட்டால் போதும்.

ஹாலோ பாயிண்ட் (மூக்கில் குழி உள்ள) தோட்டா ஏறவில்லை என்பதற்காகத் தேய்க்கிறவர்களும் உண்டு. ராணுவ 1911 அமைந்தது 230 கிரெய்ன் எடையுள்ள உருண்டை மூக்குக் குண்டுக்காக. அதையே போடுங்கள்.

"ஃபிரேம் பாவம்" என்று கனமான ஸ்பிரிங் போடுவது

ஐந்து அங்குலப் பேரல் உள்ள .45 பிஸ்டலுக்கு ரீகாயில் ஸ்பிரிங் (பின்னால் போன ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளுவது) 16 பவுண்டு. 20 பவுண்டு போட்டால் பின்னடி குறையும், உண்மை. ஆனால் அதே ஸ்பிரிங் ஸ்லைடை முன்னால் அறைகிற வேகமும் கூடுகிறது. தளர்ந்த மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை முழுதாக உயர்த்துவதற்குள் ஸ்லைடு வந்துவிடும், தோட்டாவின் முதுகின் மேலேயே ஏறி நிற்கும். அதையும் சரிவின் குற்றம் என்று எண்ணி மறுபடி கிரைண்டரை எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். 16 பவுண்டே போடுங்கள், இரண்டாயிரம் மூவாயிரம் தோட்டாக்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

துரு என்று நினைத்துத் துடைக்கப்படும் நிறங்கள்

தொடக்ககால 1911 மேகசின்களின் கீழ்ப்பாதி கருநீலமாகவும், மேற்பகுதி சாம்பல் கலந்த வெளிறிய நிறமாகவும் இருக்கும். வாய்ப்பகுதியை மட்டும் கடினப்படுத்தியதன் தடம் அது. பூச்சு உதிர்ந்துவிட்டது என்று எண்ணி கோல்டு ப்ளூ (சூடாக்காமல் தடவும் நீலப்பூச்சு) தடவி ஒரே நிறமாக்கினால், சேகரிப்பாளர்கள் தேடி வாங்கும் ஒரு மேகசின் சாதாரண மேகசினாகிவிடும்.

ஜெர்மன் லூகர் பி08-இல் டிரிகர், சேஃப்டி நெம்புகோல் போன்ற சிறிய பாகங்கள் வைக்கோல் நிறத்தில் இருப்பதும் அப்படியே. வெப்பத்தால் வரவழைத்த நிறம் அது, துரு அல்ல. ராணுவ லூகரோடு இரண்டு மேகசின்கள் வரும். இரண்டிலும் பிஸ்டலின் எண், இரண்டாவதில் கூடவே ஒரு கூட்டல் குறி. விரிசல் விட்ட மர அடிக்கட்டையை மாற்றிவிட்டுப் பழையதைக் குப்பையில் போட்டவர், அந்த எண்ணையும் சேர்த்தே போட்டிருக்கிறார்.

பஃபிங் சக்கரம்

1941-இல் சிங்கர் தையல் மெஷின் நிறுவனம் அமெரிக்க ராணுவத்துக்கு 500 பிஸ்டல்கள் செய்து கொடுத்தது. தேய்ந்து, கறை படிந்து, அசல் பூச்சோடு இருக்கும் சிங்கருக்குத்தான் விலை. பாலிஷ் போடும் பஃபிங் சக்கரம் விளிம்புகளை உருட்டும், எழுத்துகளின் கரையை மழுக்கும், திருகுத் துளைகளைக் குழிய வைக்கும். அதன் மேல் எந்தப் பூச்சு போட்டாலும் பழகிய கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ப்ளூயிங் (எஃகின் கருநீலப் பூச்சு) செய்த பாகத்தில் செந்துரு இருந்தால் கொதிநீர் முறை போதும். முழுக்கக் கழற்றி, பிடித்தகடுகளை எடுத்து வைத்து, எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கிவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் 20 முதல் 30 நிமிடம் கொதிக்க விடுங்கள். செந்துரு கறுப்பு ஆக்சைடாக மாறும். மேலே வெல்வெட் மாதிரி படியும் கரியை, எண்ணெய் நீக்கிய 0000 ஸ்டீல் வூலால் மெல்ல எடுத்துவிட்டு, உடனே எண்ணெய் பூசுங்கள். மேலோட்டமான துருவுக்கு எண்ணெயும் செம்புச் சுரண்டியுமே போதும்.

வினிகர்

துருவோடு ப்ளூயிங்கும் போய்விடும்.

பழைய ராணுவத் தோட்டாவைச் சுட்டுவிட்டு எண்ணெயால் மட்டும் துடைப்பது

1950-களின் தொடக்கம் வரை செய்த அமெரிக்க .45 தோட்டாக்களிலும், ராணுவக் கையிருப்பிலிருந்து வரும் பெரும்பாலான 7.62 டோகரேவ் தோட்டாக்களிலும் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. சுட்டபின் மிஞ்சுவது ஓர் உப்பு. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு பேரலைத் தின்னும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால் முதலில் வெந்நீர், பிறகு உலர்த்தல், அதற்குப் பிறகே எண்ணெய். ஸ்லைடின் முகத்தையும் எக்ஸ்ட்ராக்டரின் (காலி ஓட்டை வெளியே இழுக்கும் கொக்கி) கீழ்ப்பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள்.

செக்கோஸ்லோவாக்கிய சிஇசட் 52

இந்தப் பிஸ்டலின் அசல் ஃபயரிங் பின் (பிரைமரைக் குத்தும் ஊசி) எளிதில் நொறுங்கும், வெறும் டிரிகர் இழுத்து விளையாடாதீர்கள். சேம்பரில் தோட்டா இருக்கும்போது டீகாக்கரையும் (சுடாமல் ஹாமரை இறக்கும் நெம்புகோல்) தொடாதீர்கள்.

ஆப்பு வடிவ ஸ்க்ரூடிரைவர்

திருகின் பள்ளத்தைக் கிழிக்கும். பக்கங்கள் இணையாக இருக்கும்படி குடைந்து தீட்டிய, பள்ளத்தின் அகலத்துக்குச் சரியான முனை வாங்குங்கள்.

சியரையும் (ஹாமரைப் பிடித்து நிறுத்தும் பாகம்) ஹாமரையும் (ஃபயரிங் பின்னை அடிக்கும் சுத்தியல்) தீட்டுவது

வேண்டாம். ஒரே இழுப்பில் இரண்டு குண்டு போகும்.

சேம்பரில் தோட்டாவைக் கையால் போட்டு ஸ்லைடை விடுவது

1911-இல் தோட்டா மேகசினிலிருந்து மேலே எழும்போது அதன் விளிம்பு எக்ஸ்ட்ராக்டரின் கொக்கிக்கு அடியில் தானாக வழுக்கி நுழைய வேண்டும். நேராகச் சேம்பரில் போட்டுவிட்டால், கொக்கி விளிம்பின் மேல் தாவிப் பிடிக்க வேண்டியிருக்கும். எக்ஸ்ட்ராக்டர் முழு நீள ஸ்பிரிங் எஃகு என்பதால் நாளடைவில் இழுவிசை போய்விடும் அல்லது கொக்கி உடையும். சோதனை எளிது. ஸ்லைடைத் தனியே எடுத்து, டம்மி (மருந்தில்லாத) தோட்டா ஒன்றைக் கீழிருந்து கொக்கிக்குள் செருகுங்கள். மெதுவாக அசைத்தால் விழக்கூடாது, நன்றாக உதறினால் விழ வேண்டும். மெல்ல அசைத்தாலே விழுந்தால் இழுவிசை போதாது, காலி ஓடு வெளியேறாமல் சிக்கும். உதறியும் விழாவிட்டால் பிடி அதிகம், ஸ்லைடு முழுதாக மூடாமல் ஒரு மயிரிழை பின்னால் நிற்கும்.