ஷட்டில் ஆடி முதுகு பிடித்துக்கொண்டால்: கைரோபிராக்டிக்கும் அதற்குப் பிறகும்

வாரமெல்லாம் நாற்காலி, ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஷட்டில் கோர்ட். பின்னால் வளைந்து ஒரு ஸ்மாஷ் அடித்ததும் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. இப்படி வரும் வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே அடங்கிவிடும். அந்த நாட்களைக் கொஞ்சம் சுலபமாகக் கடக்க, முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் அழுத்தியும் தள்ளியும் செய்யும் கைரோபிராக்டிக் சிகிச்சை உதவலாம். ஆட்டத்திறனையே கூட்டிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதற்கு வலுவான சான்று இல்லை.

சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, பாதம் தூக்க வராமல் இழுபடுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சலோடு வரும் வலி, புற்றுநோய் வந்தவர்களின் வலி, எலும்பு பலமிழக்கும் ஆஸ்டியோபோரோசிஸ், கீழே விழுந்த அடி ஆகியவற்றுக்கும் முதலில் டாக்டர்தான். பதின்வயது வேகப்பந்து வீச்சாளருக்குப் பின்னால் வளையும்போது ஒரு பக்கம் மட்டும் சுருக்கென்று குத்தினால், முள்ளெலும்பில் விரிசல் இருக்கலாம். ஸ்கேன் பார்க்காமல் அங்கே யாரும் அழுத்தக்கூடாது.

நல்ல சிகிச்சையாளர் கை வைப்பதற்கு முன் காலை நீட்டித் தூக்கிப் பார்ப்பார், முழங்காலில் தட்டுவார், கால் கட்டைவிரல் பலத்தைச் சோதிப்பார். இதெல்லாம் இல்லாமல் நேரே மேசையில் படுக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வழக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல்காலை மடக்கி, இடுப்பில் சட்டென்று ஒரு சின்னத் தள்ளு கொடுப்பார்கள். அப்போது கேட்கும் ‘டக்’, மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக்குமிழியின் சத்தம். விலகிய எலும்பு இடத்துக்கு வந்ததாக அர்த்தமில்லை. சத்தமே வராவிட்டாலும் சிகிச்சை வீணில்லை. இடுப்பு வலிக்குப் போனவர் கழுத்தைக் கொடுக்க வேண்டாம்; திடீர்த் திருகலில் கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வருவது அபூர்வம், ஆனால் வந்ததுண்டு. சலூனில் நெட்டி முறிப்பதற்கும் இதே எச்சரிக்கைதான்.

வலி தணிந்திருக்கும் நேரத்தை உடற்பயிற்சிக்குப் பயன்படுத்துங்கள். கனடாவின் முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைத்த மூன்று பயிற்சிகள் போதும். ஒவ்வொன்றையும் 10 விநாடி நிறுத்தி, முதல் சுற்றில் 6 முறை, அடுத்த சுற்றில் 4, கடைசிச் சுற்றில் 2.

முதலாவது: மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மட்டும் மடக்குங்கள். இரு உள்ளங்கைகளையும் இடுப்புக் குழிவுக்கு அடியில் வைத்து, தலையையும் தோளையும் தரையிலிருந்து லேசாக மட்டும் தூக்குங்கள். பலரும் முதுகைத் தரையோடு அழுத்திவிடுகிறார்கள். அந்தக் குழிவு அப்படியே இருக்க வேண்டும். இரண்டாவது, முழங்கையிலும் மடக்கிய முழங்காலிலும் ஊன்றிப் பக்கவாட்டில் இடுப்பைத் தூக்குவது. மூன்றாவது, நாலுகாலில் நின்று வலக்கையையும் இடக்காலையும் நீட்டி, பிறகு மாற்றிச் செய்வது. காலை இடுப்பு உயரத்துக்கு மேல் தூக்கினால் முதுகு வளைந்து, ஸ்மாஷில் பட்ட அதே இடம் மறுபடி நசுங்கும்.

இரவில் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் (டிஸ்க்) நீரை உறிஞ்சி உப்பியிருப்பதால், எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்து கால்விரலைத் தொடும் பயிற்சி கூடவே கூடாது. ஆறு மணிக்கு ஆட்டமென்றால் ஐந்துக்கே எழுந்து நடங்கள்.

கோர்ட்டுக்குத் திரும்பியதும் முதலில் நெட் ஷாட்டும் டிராப்பும் மட்டும், அதுவும் இரட்டையரில் அரைமணி நேரம். மறுநாள் காலை வலி கூடவில்லையென்றால் அடுத்த முறை கொஞ்சம் கூட்டலாம். ஸ்மாஷுக்குத் திரும்பும்போது கால்களைக் கவனியுங்கள்: இறகுப்பந்துக்குப் பின்னால் போய்ச் சேரத் தாமதமாவதால்தான் முதுகு வளைகிறது. நாலைந்து அமர்வுகளுக்குப் பிறகும் மாற்றமே இல்லையென்றால், மொத்தமாகப் பணம் கட்டும் பேக்கேஜை மறுத்துவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.