தொலைநிலை மாணவர்களுக்குத் தளம் அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் சுற்றுவட்டாரத்தில் படிப்பு மையங்களுக்கு மூடில் (இணையவழிப் பாடம் நடத்த உதவும் மென்பொருள்) தளம் அமைத்துத் தருவது என் வேலை. தளம் அமைக்கப் புதிதாக வரும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் அதே இடங்களில்தான் தடுக்குகிறார்கள். எழுத்து சிறியது, பொத்தான் தெரியவில்லை போன்றவற்றை விட்டுவிடுகிறேன். போனில் ஒருமுறை திறந்தாலே அதெல்லாம் தெரிந்துவிடும்.

பதிவான மெயிலும் போன் நம்பரும்தான் மாணவர் என்று நினைப்பது

நம் பக்கம் பலர் பிரவுசிங் சென்டரில்தான் விண்ணப்பம் போடுகிறார்கள். மெயில் ஐடி இல்லையென்றால் கடைக்காரரே ஒன்று தொடங்கிவிடுவார். பாஸ்வேர்டும் அவரிடமே இருக்கும். தளம் அமைப்பவர் இதையெல்லாம் யோசிப்பதே இல்லை.

சிப்காட்டில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் ஒரு பெண், பி.காம் இரண்டாம் வருடம், ஹால் டிக்கெட் எடுக்க முடியவில்லை என்று வந்தார். பாஸ்வேர்டு மறந்துவிட்டது. புதுசு வாங்கலாம் என்றால், அதற்கான இணைப்பு போகும் மெயில் திருப்பாதிரிப்புலியூரில் இருந்த ஒரு சென்டரின் பெயரில் இருக்கிறது. அந்தக் கடையில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். பதிவான நம்பரோ ரீசார்ஜ் போடாமல் விட்ட பழைய சிம். 90 நாள் பயன்படுத்தாத நம்பரைக் கம்பெனி துண்டித்துவிடலாம், அப்புறம் அது வேறொருவர் கைக்குப் போகும். “அண்ணா, கூப்பிட்டா யாரோ இந்தில பேசுறாங்க” என்றார்.

போன வருடம் உள்ளே நுழைய முடிந்தபோதே மெயிலை மாற்றப் பார்த்திருக்கிறார். முடியவில்லை. தளம் அமைத்த பையன் அந்தக் கட்டத்தைப் பூட்டிவைத்திருந்தான். மூடிலில் அந்த வசதி உண்டுதான். ஏனப்பா என்றால், “அட்மிஷன் ரிஜிஸ்டரோட ஒத்துப்போகணும் சார்” என்கிறான். ரிஜிஸ்டரே தப்பாக இருக்கும்போது எதோடு ஒத்துப்போவது? இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான்.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லேயே தொலைதூரக் கல்வி தொடங்கிய மாவட்டம் இது. பாடம் தபாலில் வந்த காலத்தில் வீடு மாறினால் ஒரு கடிதம் போட்டால் போதும். அந்த அளவுக்காவது நம் தளம் இறங்கிவர வேண்டாமா?

பதிவு எண்ணையே பயனர் பெயராக வையுங்கள். முதல் முறை நுழைந்ததுமே ஒரு சோதனை மெயில் அனுப்பி, அது மாணவரின் போனில் திறக்கிறதா என்று பாருங்கள். அடையாள அட்டையைப் பார்த்து மெயிலை மாற்றித் தரும் அதிகாரம் படிப்பு மைய ஊழியருக்கு இருக்கட்டும். பாஸ்வேர்டு இணைப்பு மூடிலில் இயல்பாக 30 நிமிடத்தில் காலாவதியாகிவிடும். போனை லாக்கரில் வைத்துவிட்டு மெஷினுக்குப் போகிறவர் அதை எப்போது பார்ப்பார்? ஒரு நாளாவது கொடுங்கள்.

அசைன்மென்ட் ஏற்றும் அளவு

மூடில் எழுதப்பட்ட நிரல் மொழி பிஎச்பி. சர்வரில் அது ஏற்கும் கோப்பின் இயல்பு வரம்பு 2 எம்.பி. கையால் எழுதிய ஒரு பக்கத்தைப் போனில் படமெடுத்தாலே அதைத் தாண்டிவிடும். மூடிலுக்குள் எவ்வளவு கூட்டினாலும், சர்வரில் மாற்றாதவரை ஏறாது.

வீடியோ மட்டும் போடுவது

கூடவே பிடிஎஃப் வேண்டும். டேட்டா தீர்ந்த பிறகும் படிக்க வேண்டியிருக்கிறது.

ஆப்பைச் சொல்லாமல் விடுவது

மூடில் ஆப்பில் பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டு நெட் இல்லாமலே படிக்கலாம். முதல் வகுப்பிலேயே காட்டிவிடுங்கள்.

நவம்பர், டிசம்பரில் கடைசித் தேதி

வைக்காதீர்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம். அப்படிப்பட்ட நாளில் கரன்ட் இருக்காது, டவர் இருக்காது. தேதியை மாற்றவே முடியாது என்று மேலிடம் சொன்னால், மாணவர்களைத் தாலுகா வாரியாகக் குழுக்களாகப் பிரித்து வையுங்கள். குறிஞ்சிப்பாடியில் மட்டும் தண்ணீர் என்றால் அந்தக் குழுவுக்கு மட்டும் தேதியை நீட்டலாம், பண்ருட்டிக்குப் பழைய தேதியே இருக்கும். மழை வந்த பிறகு உட்கார்ந்து பிரிக்க முடியாது, ஜூலையிலேயே செய்துவிடுங்கள்.