லோயரிங் ஸ்பிரிங்: "எத்தனை எம்எம் இறங்கும்"னு மட்டும் கேட்டு வாங்காதீங்க

ராம்நாடு பக்கம் ஸ்போர்ட்ஸ் கூபே, அதான் ரெண்டு கதவு கார், கம்மிதான். ஆனா கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் செகண்ட் ஹேண்ட்ல மஸ்டாங், ஆடி டிடின்னு ஒண்ணு ரெண்டு தலைகாட்ட ஆரம்பிச்சிருச்சு, லீவு நாளானா மதுரைப் பசங்க வேற தனுஷ்கோடிக்கு ஓட்டிட்டு வர்றாங்க. சஸ்பென்ஷன் வேலை பாக்குறவன்ங்கிறதால இதுல பாதி வண்டி எப்படியோ என் கைக்கு வந்துருது, வந்து நிக்கிற பசங்களைப் பாத்தா நாங்க தொழில் கத்துக்கிட்ட காலத்துல பண்ணுன அதே கூத்தை வரிசை மாறாம பண்றாங்க. அதான், வண்டி உயரத்தைக் குறைக்க கம்பெனி ஸ்பிரிங்குக்குப் பதிலா மாட்டுற இந்த லோயரிங் ஸ்பிரிங் பத்தி எழுதுறேன்.

ஸ்பிரிங்கை கட்டர் வச்சு வெட்டாதீங்க, கேஸ் வெல்டிங்ல காய்ச்சி உக்கார வைக்காதீங்க, இதெல்லாம் எல்லாரும் சொல்லியாச்சு. நான் திரும்ப சொல்லல.

எம்எம் பாத்து வாங்குறது

இதைப் பாத்தா எனக்கு இன்னிக்கும் பத்திக்கிட்டு வருது, ஏன்னா காசு நிறைய போறது இதுலதான், போன காசு எதுக்குப் போச்சுன்னே கடைசி வரைக்கும் தெரியாது.

கீழக்கரைத் தம்பி ஒருத்தன், துபாய்ல இருக்குற அவன் காக்கா (அண்ணன்) வாங்கிக் குடுத்த ரெண்டு கதவு வண்டி, 40 எம்எம் இறக்குற ஸ்பிரிங் வெளியூர்ல மாட்டிட்டு வந்துருந்தான். நிப்பாட்டி வச்சா பாக்க அம்சமாத்தான் இருந்துச்சு. "அண்ணே, ஸ்பிரிங் ரொம்ப ஹார்டா இருக்கு, பாம்பன் பாலத்துல ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் முதுகுல குத்துது, உம்மா இனிமே இந்த வண்டில ஏறமாட்டேன்னுட்டாங்க"ன்னான். இது போக அதே உயரத்துல சாஃப்டான ஸ்பிரிங்னு இன்னொரு செட் வாங்கி அதையும் மாட்டிப் பாத்துருக்கான், இன்னும் மோசமாயிருச்சு, அப்புறம் எவனோ ஷாக் போயிருச்சுன்னு சொல்ல பின்னாடி ரெண்டு ஷாக்கும் புதுசு. மூணு செலவு. நோய் ஒரு இடம், மருந்து வேற இடம்.

நான் பண்ணுனது, பின் ஷாக்கோட டஸ்ட் கவரைத் தூக்கி, பளபளன்னு இருக்குற அந்த ராடுல ஒரு கேபிள் டையை இறுக்கிக் கட்டி, கீழ ஷாக் பாடியை ஒட்டி நகட்டி வச்சேன். ராடு உள்ள போகப் போக பாடி அந்த டையை மேல தள்ளிட்டுப் போகும், எது வரைக்கும் போச்சோ அங்கயே டை நின்னுக்கும். பின் சீட்டுல ரெண்டு பேரை உக்கார வச்சு உச்சிப்புளி வரைக்கும் போயிட்டு வந்து பாத்தா, டை பம்ப் ஸ்டாப் ரப்பருக்குள்ள, அதான் ஷாக் கடைசி வரைக்கும் அமுங்கி இடிக்காம தடுக்குற ரப்பர், அதுக்குள்ள போயி புதைஞ்சு கெடக்கு. அதாவது வண்டி ஸ்பிரிங் மேல ஓடவே இல்ல, ரப்பர் மேல ஓடிட்டு இருந்துருக்கு. அவன் ஹார்டுன்னு சொன்னது ஸ்பிரிங்கை இல்ல, ரப்பரை.

கணக்கைப் பாருங்க, புரியறதுக்காக ரவுண்டு நம்பரா போடுறேன். கம்பெனி ஸ்பிரிங் ஒரு எம்எம் அமுங்க சக்கரத்துக்கிட்ட 3 கிலோ வேணும்னு வைங்க, வண்டி சும்மா நிக்கிறப்போ பம்ப் ஸ்டாப்புக்கு 70 எம்எம் இடம் இருக்கு. அப்ப ரப்பர் தொடறதுக்கு முன்னாடி ஸ்பிரிங் கூடுதலா 210 கிலோ தாங்கும். இப்ப 40 எம்எம் இறக்கியாச்சு, மிச்சம் 30. லோயரிங் ஸ்பிரிங் கால்வாசி டைட்டு, 3.75 கிலோ. 30 தடவை 3.75 போட்டா 112 கிலோ சொச்சம்தான் வருது, கிட்டத்தட்ட பாதி. பழைய 210 திரும்ப வேணும்னா எம்எம்முக்கு 7 கிலோ ஸ்பிரிங் போடணும், ரெண்டு மடங்குக்கு மேல, அதை கம்பெனி ஷாக்கால அடக்கவே முடியாது, வண்டி குதிச்சுக்கிட்டேதான் போகும். இதுல பின்னாடி ஆளும் பெட்டியும் சேந்து 150 கிலோ ஏறுச்சுன்னா சக்கரத்துக்கு 75 கிலோ, அதுக்கே 20 எம்எம் அமுங்கிரும். மிச்சம் 10 எம்எம். ஒரு விரல் அகலம்கூட இல்ல, பாம்பன் பாலத்து ஜாயிண்ட் அதைவிட கூடக் கேக்குது.

அவன் சாஃப்ட் செட் போட்டப்போ ஏன் இன்னும் மோசமாச்சுன்னு இப்ப தெரிஞ்சிருக்கும், அதே 30 எம்எம்மை சாஃப்ட் ஸ்பிரிங் இன்னும் சீக்கிரமா தாண்டிரும், ரப்பர்ல போயி இன்னும் வேகமா அடிக்கும்.

அதனால வாங்கறதுக்கு முன்னாடி மொதல்ல கேக்க வேண்டியது, என் வண்டில பம்ப் ஸ்டாப்புக்கு இப்ப எவ்வளவு இடம் இருக்கு, இறக்குன பிறகு எவ்வளவு மிஞ்சும், நிக்கிற உயரத்துல ஸ்பிரிங் ரேட் (ஒரு எம்எம் அமுங்க எத்தனை கிலோ) என்ன. ப்ரோக்ரெசிவ் ஸ்பிரிங்னா, அதான் அமுங்க அமுங்க டைட்டாகுற வகை, இந்த மூணாவது கேள்வி ரொம்ப முக்கியம், ஏன்னா அதுல நெருக்கமா இருக்குற சுத்தெல்லாம் பெரும்பாலும் வண்டி எடை இறங்குனதுமே ஒட்டிக்கிரும், டப்பால போட்டிருக்குற மொத நம்பர் ஓடும்போது இருக்காது. விக்கிறவன் இதுக்கு பதில் சொல்லாம "செம லுக்கா இருக்கும் பாஸ்"னு ஆரம்பிச்சா வேற ஆளைப் பாருங்க. நம்ம ரோட்டுக்கு, ஷாக் மாத்தாம, 20லேருந்து 25 எம்எம்முக்கு மேல நான் யாருக்கும் சொல்றதில்ல. அதுக்கும் கீழ வேணும்னா, குட்டை ஸ்ட்ரோக் (ராடு ஓட்டம் கம்மியான) ஷாக்கோட சேந்து வர்ற செட்டா பாருங்க, தனி ஸ்பிரிங்ல காசைக் கொட்டாதீங்க.

அந்தத் தம்பி கடைசியா 20 எம்எம் செட்டுக்கு வந்தான். உம்மாவும் ஏறிட்டாங்க.

பம்ப் ஸ்டாப்பை கழட்டி வீசுறது

மேல சொன்னதைப் படிச்சிட்டு "அப்ப ரப்பரை எடுத்துட்டா சரியாயிரும்ல"ன்னு ஒருத்தன் கட்டாயம் கேப்பான். எடுத்தா ஷாக் உள்ள இரும்போட இரும்பு அடிக்கும், வால்வு போகும், ஷாக்கை மேல பாடியோட பிடிக்கிற டாப் மவுண்ட் ஒடையும், டயர் மேல இருக்குற ஆர்ச்சுல போயி இடிக்கும். ஸ்பிரிங் கூட வர்ற பேப்பர்ல எத்தனை எம்எம் வெட்டணும்னு போட்டிருந்தா அத்தனைதான் வெட்டணும். போடலைன்னா கை வைக்காதீங்க.

வெளிநாட்டு வண்டிக்குப் போட்ட கணக்கு

ஐபாக், எச்&ஆர் ரெண்டும் ஜெர்மனி ஸ்பிரிங் கம்பெனி, டீன் ஜப்பான், நல்ல சரக்குதான், அதுல சந்தேகம் இல்ல. ஆனா அவங்க "30 எம்எம்"னு போடுறது அந்த ஊர் வண்டிக்கு. இந்தியாவுக்கு வர்ற சில வண்டியை கம்பெனியே நம்ம ரோட்டுக்காக கொஞ்சம் தூக்கி அனுப்புது. 15 எம்எம் தூக்குன வண்டில அந்த ஸ்பிரிங்கைப் போட்டா இறங்கறது 45, அப்புறம் மேல சொன்ன கதைதான். எஞ்சினுக்கு ஏத்த மாதிரியும் செட்டு மாறும், நாலு சிலிண்டர் மஸ்டாங்குக்கு வந்த முன் ஸ்பிரிங் வி8க்கு மலிவா கிடைக்குதுன்னு எடுத்தா மூக்கு குத்திக்கிட்டு நிக்கும். எலக்ட்ரானிக் ஷாக் இருந்தா பல வண்டிக்கு பார்ட் நம்பரே வேற. ஜெர்மன் செட்டுன்னா டியூவி பேப்பர் (அந்த ஊர்ல சோதிச்சுப் பாத்துக் குடுக்குற சான்று) கேளுங்க, ஆக்சிலுக்கு எத்தனை கிலோ வரைக்கும்னு அதுல இருக்கும், உங்க வண்டி பிளேட்ல இருக்குற எடையோட ஒத்துப் பாருங்க.

செகண்ட் ஹேண்ட் வண்டின்னா ஆர்டர் போடறதுக்கு முன்னாடி சமதளத்துல நிப்பாட்டி, சக்கரத்து நடு மையத்துலேருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் நாலு பக்கமும் டேப் வச்சு அளந்து எழுதிக்கோங்க. ஏற்கனவே எவனாவது இறக்கி வச்ச வண்டியா, ஸ்பிரிங் தளந்து போச்சான்னு அதுலயே தெரிஞ்சிரும்.

உப்பை மறக்குறது

மண்டபம் தாண்டிட்டா ரெண்டு பக்கமும் கடல், தனுஷ்கோடி ரோட்டுல காத்து மணலை வாரி தார் மேலயே கொட்டும். அந்த மணல் போயி உக்கார்ற இடம் ஸ்பிரிங்கோட அடிச்சுத்து, கீழ சீட்டுல ஒட்டி இருக்குமே, அங்க. ஓட ஓட மணல் பெயிண்ட்டைத் தேய்க்கும், தேஞ்ச இடத்துல உப்பு ஈரம் பிடிக்கும், சின்னதா ஒரு துருக் குழி விழும். ஸ்பிரிங் முறியறதுன்னா பெரும்பாலும் அந்தக் குழிலேருந்துதான் விரிசல் ஓடும், மேல சுத்தெல்லாம் புதுசு மாதிரி பளிச்சுன்னு இருக்கும். கோட்டிங் உரிஞ்ச ஸ்பிரிங்கை, எவ்வளவு மலிவா குடுத்தாலும் செகண்ட் ஹேண்ட்ல வாங்கவே கூடாது. கோட்டிங்ல சின்னக் கீறல் தெரிஞ்சாலும் அன்னிக்கே டச்சப் பண்ணிருங்க. தனுஷ்கோடி போயிட்டு வந்தா ஸ்பிரிங்கோட அடிப்பக்கம் நல்லா கழுவுங்க, ஆனா போர் தண்ணில கழுவாதீங்க, நம்ம பக்கம் பாதி போர்ல வர்றதே உப்புத்தண்ணி. நல்ல தண்ணி ரெண்டு குடம் போதும், அடிச்சுத்துக்கு மட்டும் ஊத்துங்க.

வண்டியைத் தூக்கி வச்சே புஷ் போல்ட்டை இறுக்குறது

மாட்டுறவன் பக்கத்துல நின்னு பாருங்க. சக்கரம் தொங்கும்போதே, சக்கரத்தைப் பிடிக்கிற ஆர்ம்ல இருக்குற ரப்பர் புஷ் போல்ட்டை முழுசா இறுக்கிட்டா, வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும், கொஞ்ச நாள்ல கிழிஞ்சிரும், உயரமும் சரியா உக்காராது. எடை சக்கரத்து மேல இருக்கும்போதுதான் கடைசி டைட். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது சார்"னு சொல்ற ஆள்கிட்ட சாவியைக் குடுக்காதீங்க.

அலைன்மெண்ட்

மாட்டுன அன்னிக்கு ஒரு தடவை, ஸ்பிரிங் உக்காந்ததும் இன்னொரு தடவை. உள்பக்கம் டயர் தேஞ்சா எல்லாரும் கேம்பரைத்தான் (சக்கரம் சாஞ்சு நிக்கிறது) திட்டுறாங்க, வேகமா தின்னுறது டோ (சக்கரத்து முன்பக்கம் உள்ளயோ வெளியயோ திரும்பி நிக்கிறது).

இன்ஷூரன்ஸ்

மாத்தறதுக்கு முன்னாடி இன்ஷூரன்ஸ் கம்பெனி சரின்னு சொல்றதை எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.

ஸ்பீட் பிரேக்கர்

ரூல்படி உயரம் 10 சென்டிமீட்டர். ஈசிஆர்ல ஏர்வாடி, தேவிபட்டினம் பக்கம் ஊர்க்காரங்க போட்டு வச்சதுல ஒரு டேப்பை வச்சு, இறக்குன வண்டி அடி இடிக்குமான்னு பாத்துட்டு அப்புறம் ஆர்டர் போடுங்க.

பழைய ஸ்பிரிங்கை இரும்புக் கடைல போடுறது

வண்டியை விக்கும்போது கேப்பாங்க, ஆர்டிஓல கேப்பாங்க, உங்களுக்கே பிடிக்காமப் போகலாம். கழட்டும்போதே எது இடது, எது வலதுன்னு பெயிண்ட் மார்க் போட்டு வைங்க, சில வண்டில ரெண்டு பக்கமும் ஒண்ணு இல்ல. கிரீஸ் தடவி பிளாஸ்டிக் சுத்தி வீட்டுக்குள்ள வைங்க, மொட்டைமாடில வேண்டாம்.