குதிரைக்கு வயிறு வலித்தால் எண்ணெய்ப் பாட்டிலைத் தொடாதீர்கள்: புதிதாகக் குதிரை வாங்கியவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, இரவு பத்தரைக்கு போன் வந்தது. பெங்களூருக்கு வடக்கே, பாகலூர் பக்கம் ஒரு லாயத்தில் குதிரை விட்டிருக்கும் தம்பி. ஐ.டி. வேலை, குதிரை வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. “அண்ணா, குதிரை படுத்துப் படுத்து எழுந்திருக்குது. விளக்கெண்ணெய் எவ்வளவு ஊத்தணும்?” என்றார். பின்னால் யாரோ “தலையைத் தூக்கிக் கட்டு” என்று சொல்வது போனிலேயே கேட்டது. எனக்குக் கை நடுங்கியது. அதே வார்த்தையை 2012-இல் என் லாயத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

அந்த இரவுக்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஹெல்மெட் போடுங்கள், பின்னங்காலுக்கு நேரே போய் நிற்காதீர்கள் என்பதெல்லாம் முதல் நாளே எந்தப் பயிற்சியாளரும் சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன். வார இறுதியில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது திரும்பத் திரும்பக் கண்ணில் படுபவை, நானே செய்து இழப்பைக் கண்டவை, இவை மட்டும் இங்கே.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது

சுற்றாதீர்கள், மடித்துப் பிடியுங்கள். குதிரை மிரண்டு இழுத்தால் சுற்றிய கயிறு விரலோடு சேர்ந்து இறுகும்.

நிறுத்துவதற்காக லகானை இழுத்துக்கொண்டே இருப்பது

பெங்களூரில் பலருக்கும் முதல் குதிரை ரேஸ்கோர்ஸிலிருந்து வந்த, ஓட்டத்துக்கென்றே வளர்க்கும் தரோபிரெட் இனம்தான். கோடை சீசன், குளிர்கால சீசன் என்று ஓடி முடித்து, ஐந்தாறு வயதில் விலைக்கு வரும். இரண்டு வயதிலேயே ஓடத் தொடங்கிய உடம்பு அது. ஜாக்கி லகானைக் கூட்டிப் பிடித்தால் அதன்மேல் சாய்ந்து வேகமெடுக்கப் பழகியிருக்கும். புதியவர் பயத்தில் இரண்டு கையாலும் இழுக்க இழுக்க, அது இன்னும் வேகமாகப் போகும். இழுத்துத் தொங்காமல், பிடித்து விடுங்கள், மறுபடி பிடித்து விடுங்கள். மூச்சை வெளியே விட்டு, சேணத்தில் கனமாக உட்காருங்கள். அப்படியும் நிற்கவில்லையென்றால் ஒரு பக்க லகானை மெல்ல வாங்கிப் பெரிய வட்டமாகத் திருப்பி, வட்டத்தைப் படிப்படியாகச் சுருக்குங்கள். வெடுக்கென்று திருப்பினால் இரண்டு பேரும் கீழே விழுவீர்கள்.

இன்னொன்று. விற்பவர் கூட்டிவரும் மருத்துவரின் பேச்சை மட்டும் நம்பி ரேஸ் குதிரையை வாங்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்த மருத்துவரை அழைத்துப்போய் முன்னங்கால்களைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். முழங்காலுக்குக் கீழே, பின்பக்கத் தசைநாணில் சூடோ வீக்கமோ தெரிந்தால் பணத்தை எண்ணி எடுப்பதற்கு முன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

வயிற்றுவலிக்குக் கைவைத்தியம் பார்ப்பது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

என் முதல் குதிரை ரேஸிலிருந்து வந்த செந்நிறக் குதிரை. நெற்றியில் வெள்ளைப் பொட்டு. 2012 மழைக்காலத்தில் காய்ந்த புல் லாரி வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள். பசியோடு நிற்கிறதே என்ற பதைப்பில் கொள்ளையும் கோதுமைத் தவிட்டையும் இரட்டிப்பாக்கினேன். குதிரை என்றாலே கொள்ளு என்பது நம் மனதில் ஊறிப்போன ஒன்று. ‘கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்’ என்று பழமொழியே இருக்கிறதே. அள்ளிப் போட்டேன், அதுவும் ஆசையாகத் தின்றது.

என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. குதிரை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்கென்றே அமைந்த விலங்கு. அவ்வளவு பெரிய உடம்பில் இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் வாந்தி எடுத்துத் தப்பிக்கவும் அதனால் முடியாது. நார்ச்சத்தைச் செரிக்கும் வேலை பின்குடலில், அங்கே வாழும் நுண்ணுயிர்களால் நடக்கிறது. தானியம் அளவுக்கு மீறிப் போனால் மாவுச்சத்து செரிக்காமல் அங்கே வந்து சேர்ந்து புளிக்கும். அமிலமும் வாயுவும் பெருகும், வயிறு உப்பும். அந்தக் கோளாறு குளம்பையும் பாதித்துக் குதிரையை நிரந்தரமாக நொண்டியாக்குவதும் உண்டு. 450 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 7 முதல் 9 கிலோ காய்ந்த புல் வேண்டும். கொள்ளு, தவிடு போன்ற அடர்தீவனம் ஒரு வேளைக்கு 2 கிலோவைத் தாண்டக் கூடாது. எந்தத் தீவன மாற்றத்தையும் பத்து நாளாவது எடுத்துப் படிப்படியாகச் செய்ய வேண்டும்.

சரி, அந்த இரவுக்கு வருகிறேன். ஒன்பது மணி இருக்கும். முன்னங்காலால் தரையைப் பறித்தது. தலையைத் திருப்பி விலாவைப் பார்த்தது. மேலுதட்டைச் சுருட்டியது. படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது. லாயத்தில் எல்லோரும் காலிக் என்று சொல்லும் வயிற்றுவலி. கூட இருந்த சைஸ், அதாவது குதிரைப் பராமரிப்பாளர், வயதில் பெரியவர், குதிரைகளோடு ஆயுள் முழுக்க வாழ்ந்தவர். “எண்ணெய் விட்டா சரியாயிடும் தம்பி, டாக்டரை எதுக்கு ராத்திரியில தொந்தரவு பண்றே” என்றார். நானும் சரி என்றேன். விளக்கெண்ணெயில் பெருங்காயத்தைக் கரைத்து, தலையை உத்தரத்தில் தூக்கிக் கட்டி, கண்ணாடிப் பாட்டிலால் கடைவாயில் புகட்டினோம். பாதி போனபோது அது இரண்டு முறை இருமியது. அந்த இருமலை நான் கேட்டேன். கேட்டும் நிறுத்தச் சொல்லவில்லை.

விடிந்ததும் மருத்துவர் வந்தார். மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டார், ஊசி போட்டார். மதியத்துக்குள் லத்தி (சாணம்) போட்டுவிட்டது. வயிறு சரியாகிவிட்டது என்று எல்லோரும் டீ குடித்தோம். மூன்றாம் நாள் காய்ச்சல் 104 டிகிரி. மூக்கில் மஞ்சளாகச் சளி, நின்ற இடத்திலேயே நிமிடத்துக்கு நாற்பது மூச்சு. எண்ணெய் நுரையீரலுக்குள் போயிருந்தது. ஒன்பதாம் நாள் செத்துப்போனது. வயிற்றுவலியிலிருந்து பிழைத்த குதிரையை எங்கள் வைத்தியம் கொன்றது.

தலையை உயர்த்திக் கட்டிய குதிரையால் சரியாக விழுங்க முடியாது. வாயில் ஊற்றுவது எந்தப் பக்கம் போகிறது என்று ஊற்றுகிறவருக்கும் தெரியாது. எண்ணெய் வழவழப்பாக இருப்பதால் பல நேரம் இருமல்கூட வராமலே மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். மருத்துவரும் எண்ணெய் கொடுப்பதுண்டு. ஆனால் குழாய் இரைப்பையில்தான் இருக்கிறது என்று உறுதி செய்த பிறகே ஒரு சொட்டு விடுவார். இரண்டும் ஒன்றுதானே என்று இன்றைக்கும் லாயங்களில் சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

அதனால் அந்தத் தம்பியிடம் போனில் சொன்னது இதுதான். பாட்டிலைக் கீழே வை. தீவனத்தையெல்லாம் வெளியே எடு. மருத்துவரைக் கூப்பிடு, அப்புறம் என்னைக் கூப்பிடு. அவர் வருவதற்குள் சில விஷயங்களை எண்ணி வைத்துக்கொள்: தாடை எலும்பின் கீழே விரல் வைத்து 15 நொடி நாடி பார்த்து நான்கால் பெருக்கு. சும்மா நிற்கும் குதிரைக்கு 28 முதல் 44 வரை இருக்கும். 60-ஐத் தாண்டினால் அதை முதல் வார்த்தையாக மருத்துவரிடம் சொல். ஈறு வெளிர் ரோஜா நிறமாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். விலாவில் காதை வைத்துக் கேள். கடமுட என்று சத்தம் வந்தால் நல்லது, நிசப்தமாக இருந்தால் ஆபத்து. கடைசியாக எப்போது லத்தி போட்டது என்று சைஸிடம் கேள். நாளைக்கு எட்டு முறைக்குக் குறையாமல் போடுகிற விலங்கு அது.

வலி ஊசி கையில் இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். ஃப்ளூனிக்சின் என்கிற அந்த மருந்து வலியை மறைத்துவிடும், குடல் முறுக்கியிருந்தாலும் குதிரை அமைதியாக நிற்கும், அறுவைக்கான நேரம் கைவிட்டுப் போகும். அதைத் தசையில் குத்தினால் அந்த இடமே அழுகிப்போகவும் கூடும். புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும் என்று பயந்து மணிக்கணக்கில் நடத்துவார்கள். பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல நடத்துங்கள், போதும். அமைதியாகப் படுத்திருந்தால் படுத்திருக்கட்டும். முரட்டுத்தனமாகப் புரள ஆரம்பித்தால் கொட்டடிக்குள் நிற்காதீர்கள், வெளியே வந்துவிடுங்கள்.

பெங்களூரில் இதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. நகரத்துக்குள்ளிருந்து மருத்துவர் கிளம்பி, ஹெப்பால் மேம்பாலத்தைத் தாண்டி பாகலூர் பக்கம் வர, மாலை நேரத்தில் ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். ‘ஒரு மணி நேரம் பார்ப்போம்’ என்று நீங்கள் காத்திருந்தால் குதிரைக்கு அது இரண்டரை மணி நேரம். முதல் அறிகுறியிலேயே கூப்பிட்டுவிடுங்கள். வந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அவர் திரும்பிப் போனால் அது நல்ல சேதி, கொடுக்கிற பணத்துக்கு வருத்தப்பட வேண்டாம்.

தம்பியின் குதிரைக்கு நாடி 52. நள்ளிரவில் குழாய் விட்டார்கள். நாலரை மணிக்கு லத்தியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்.

புல்லைக் கணக்கிடாமல் வாங்குவது

என் குதிரையின் கதை எண்ணெயில் முடிந்தாலும், தொடங்கியது புல் தீர்ந்துபோன நாளில்தான். பத்து நாளுக்கான காய்ந்த புல் கையிருப்பில் இல்லாமல் குதிரை வைத்துக்கொள்ளாதீர்கள். பச்சை நேப்பியர் புல் சுலபமாகக் கிடைக்கிறது என்று அதை மட்டும் நம்புகிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 9 கிலோ காய்ந்த புல்லுக்கு ஈடாக 40 கிலோவுக்கு மேல் பச்சை வெட்டிப் போட வேண்டும். கண்ணுக்குப் பெரிய கட்டாகத் தெரிவது வயிற்றுக்குக் கொஞ்சம்தான். நேப்பியரில் இருக்கும் ஆக்சலேட் என்ற பொருள் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. கூடவே தவிடும் கொட்டினால் அதிலுள்ள பாஸ்பரஸ் நிலைமையை இன்னும் கெடுக்கும். மாதக்கணக்கில் இப்படியே போனால் எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைந்து முகம் வீங்கிவிடும். கொஞ்சம் குதிரை மசால் (லூசர்ன் தீவனப் பயிர்) சேர்த்துக்கொள்ளுங்கள், தவிட்டைக் குறையுங்கள். வைக்கோலை வயிறு நிரப்பப் போடாதீர்கள், குடலில் அடைத்துக்கொள்ளும்.

வியர்த்த குதிரைக்குத் தண்ணீர் காட்டாமல் இருப்பது

‘சூட்டோடு தண்ணீர் குடித்தால் குடல் பிடிக்கும், குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் தசை பிடிக்கும்.’ இதைச் சொல்லாத லாயம் இல்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் வெயிலை நினைத்து இதைத் தனியாகவே ஆராய்ந்தார்கள். குளிர்ந்த தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றினால் சூடு வேகமாக இறங்குகிறது, தசைக்கு ஒன்றும் ஆவதில்லை என்று தெளிவானது. டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் பெங்களூர் குதிரையேற்ற வீரர் ஃபவாத் மிர்சா பங்கேற்று 23-ஆம் இடம் பெற்றாரே, அங்கேயும் குதிரைகளைக் குளிர்விக்கத் தண்ணீரைத் தாராளமாகத்தான் பயன்படுத்தினார்கள். ஏப்ரல் மாதம் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வந்த குதிரையின் முன்னால் வாளியை வையுங்கள். குடிக்கிற வரை குடிக்கட்டும்.

வயிற்றுப் பட்டையை ஒரே முறை இறுக்குவது

சேணம் போடும்போது குதிரை மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பிக்கொள்ளும். பத்தடி நடத்திவிட்டு மறுபடி இறுக்குங்கள், ஏறிய பிறகும் ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள்.

லாடத்தை நொண்டும்வரை தள்ளிப்போடுவது

ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

டெட்டனஸ் ஊசியை மறப்பது

உங்களுக்கும் குதிரைக்கும். லத்தியிலும் மண்ணிலும் அந்தக் கிருமி இருக்கிறது, குதிரைக்கு அது மிகச் சீக்கிரம் பிடிக்கும்.

எல்லாவற்றையும் சைஸின் ஞாபகத்துக்கு விட்டுவிடுவது

சைஸ்கள் குதிரையை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள்தான். ஆனால் ஒருவர் ஊருக்குப் போய் இன்னொருவர் வரும்போது, எவ்வளவு கொடுத்தோம், எப்போது லத்தி போட்டது என்பதெல்லாம் அவரோடு பஸ் ஏறிப் போய்விடுகிறது. கொட்டடிக் கதவில் ஒரு பலகை மாட்டுங்கள். தீவன அளவு, நாடி, மருத்துவரின் நம்பர், குதிரையை ஏற்றிச்செல்லும் வண்டிக்காரரின் நம்பர், கையிருப்புப் புல். யார் வந்தாலும் முதலில் அதைப் படிக்கட்டும்.

நேற்று பாகலூர் போயிருந்தேன். தம்பியின் பலகையில் சாக்கட்டியால் எழுதியிருந்தது: நாடி 36. காலையிலிருந்து லத்தி நாலு முறை. புல் இன்னும் பதினோரு நாளைக்கு.