கிளாடியா ரோடனின் ஆரஞ்சு பாதாம் கேக்

இந்தக் கேக்கைச் செய்யும் முன் சமையல் நூலாசிரியர் கிளாடியா ரோடனைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 1936-இல் கெய்ரோவில், சிரியாவிலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் ஓவியம் படித்துக்கொண்டிருந்தார். 1956-இல் இஸ்ரேலும் பிரிட்டனும் பிரான்ஸும் எகிப்தைத் தாக்கிய சூயஸ் போருக்குப் பின் எகிப்தின் யூதர்கள் நாடு நாடாகச் சிதறினார்கள். லண்டன் வந்த உறவினர்களிடம் அவர் சமையல் குறிப்புகளைக் கேட்டு எழுதினார். ஊரை இழந்தவர்களின் கைமணம் அது. 1968-இல் முதல் புத்தகம் வந்தது. இந்தக் கேக்கும் அதில் உண்டு.

சரி, செய்முறை. இரண்டு ஆரஞ்சுகளைத் தோலோடு முழுசாகத் தண்ணீரில் போட்டு, நன்றாகக் குழையும்வரை வேகவிடுங்கள். இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். அவசரப்பட்டு ஒருமுறை பாதியில் எடுத்துவிட்டேன், கேக் முழுக்கத் தோலின் கசப்பு. ஆறியதும் நறுக்கி, கொட்டைகளை ஒன்று விடாமல் எடுத்துவிட்டு மிக்ஸியில் அரையுங்கள்.

ஆறு முட்டைகளை நுரைக்க அடித்து, 250 கிராம் சர்க்கரை, 250 கிராம் பாதாம் பொடி, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அப்புறம் அந்த விழுதைச் சேருங்கள். எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி, ஓவனில் 190 டிகிரி செல்சியஸில் சுமார் ஒரு மணி நேரம்.

மைதா இல்லை, வெண்ணெயும் இல்லை. இறைச்சியோடு பால் பொருள் சேர்க்காத யூத வீடுகளில், இறைச்சி விருந்துக்குப் பிறகும் இதைத் தாராளமாகப் பரிமாறலாம். ஈரமான கேக் என்பதால் தட்டிலேயே ஆறவிட்டு எடுங்கள்.