உராய்வுக் கணக்கில் எடுத்த எடுப்பில் ‘மியூ என்’ போடாதீர்கள்

பதினோராம் வகுப்பு இயற்பியலில் விசை, உராய்வு, ஆற்றல் என்று வரும் கணக்குகளில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களுக்குப் பெரும்பாலும் சூத்திரம் தெரியாமல் இல்லை, சூத்திரம் அளவுக்கு மேல் சீக்கிரமாக நினைவுக்கு வந்துவிடுவதுதான் சிக்கல். ‘உராய்வு’ என்ற சொல் கண்ணில் பட்டதுமே குணகத்தை (மியூ) செங்குத்து விசையால் (என், அதாவது பரப்பு பொருளைத் தாங்கும் விசையால்) பெருக்கி ஒரு விடையைப் போட்டுவிடுவார்கள். நீட் மாதிரித் தேர்வுகளில் அந்தத் தவறான விடையும் நான்கு விடைகளில் ஒன்றாகச் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும்.

இதைப் பாருங்கள். 10 கிலோ பெட்டி தரையில் இருக்கிறது. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.5, இயக்க உராய்வுக் குணகம் 0.4, புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்துக்கொள்வோம். பெட்டியைக் கிடையாக 30 நியூட்டன் விசையால் தள்ளுகிறோம். உராய்வு விசை எவ்வளவு? எடை 100 நியூட்டன், அதை 0.5-ஆல் பெருக்கினால் 50, விடை 50 என்று எழுதினால் போச்சு. 30-இல் தள்ளும்போது உராய்வு 50-இல் எதிர்த்துத் தள்ளினால் பெட்டி உங்கள் காலிலேயே வந்து இடிக்க வேண்டுமே! விடை 30 நியூட்டன். 50 என்பது உராய்வு தாக்குப்பிடிக்கும் உச்ச வரம்பு, அவ்வளவுதான். அதற்குள் நீங்கள் எவ்வளவு கொடுக்கிறீர்களோ அவ்வளவையே அது திருப்பிக் கொடுக்கும், தள்ளாவிட்டால் உராய்வும் சுழியம். 60-இல் தள்ளினால் வரம்பு தாண்டிவிட்டது, பெட்டி நகரும், அப்போதுதான் 0.4-க்கு வேலை வருகிறது: உராய்வு 40, மிச்சம் 20 நியூட்டன், முடுக்கம் 2 மீ/வி².

ஆக, உராய்வுக் கணக்கு என்றால் முதல் வேலை ‘நகருமா, நகராதா’ என்று பார்ப்பது. சூத்திரமெல்லாம் அப்புறம்.

அதற்குப் படம் வேண்டும். கேள்வியில் இருக்கும் மேசை, கயிறு, கப்பி எல்லாவற்றையும் அழகாக வரைந்து அதன் மேலேயே அம்புக்குறிகளைப் போடுவது படமல்ல. பொருளை மட்டும் தனியாக எடுத்து ஒரு சின்னக் கட்டமாக வரையுங்கள். அதை யார் யார் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள்: தரை தொடுகிறது, கயிறு தொடுகிறது, கை தொடுகிறது. தொடுகிற ஒவ்வொன்றும் ஒரு விசை கொடுக்கும் (தரை மட்டும் செங்குத்து விசை, உராய்வு என்று இரண்டு கொடுக்கும்), தொடாமலே கொடுப்பது புவியீர்ப்பு. இந்தக் கணக்குகளில் விசை என்றால் இவ்வளவுதான். ஒரு அம்புக்குறியை வரைந்துவிட்டு ‘இதை யார் கொடுத்தது?’ என்று கேட்டால் பதில் வரவில்லையா, அழித்துவிடுங்கள். உதைத்து விட்ட பந்து தரையில் உருண்டு போகிறது, அதற்கு முன்னோக்கி ஒரு விசை வரையாத மாணவரைப் பார்ப்பது அரிது. கால் பந்தை விட்டு விலகியதுமே அந்த விசை முடிந்துவிட்டது, இப்போது பந்திடம் இருப்பது திசைவேகம் மட்டும்தான்.

செங்குத்து விசை எப்போதும் எடைக்குச் சமம் என்று நினைப்பது இன்னொரு பொறி. அதே 10 கிலோ பெட்டி, இந்த முறை கயிறு கட்டி, கிடையிலிருந்து 37° மேல்நோக்கி 50 நியூட்டன் விசையால் இழுக்கிறோம். 37°-க்கு சைன் 0.6, காஸ் 0.8 என்று எடுப்பது வழக்கம். கிடையாக 40, மேல்நோக்கி 30. கயிறே 30-ஐத் தாங்கிக்கொள்வதால் தரை தாங்க வேண்டியது 70 மட்டும். உராய்வின் வரம்பு 35, நம்மிடம் 40 இருக்கிறது, பெட்டி நகரும், இயக்க உராய்வு 28, முடுக்கம் 1.2 மீ/வி². சரி, அதே 50 நியூட்டனை அதே கோணத்தில் பின்னாலிருந்து கீழ்நோக்கிச் சாய்த்துத் தள்ளினால்? தரை இப்போது 130-ஐத் தாங்குகிறது, வரம்பு 65 ஆகிவிட்டது, நம்முடைய 40 போதாது, பெட்டி அசையவே அசையாது. பாரமான பெட்டியைக் கயிறு போட்டு இழுப்பது சுலபம், குனிந்து தள்ளுவது கஷ்டம் என்று சுமை தூக்குபவர்களுக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்த விஷயம்தான் இது. இந்த ஒரு கணக்கை இரண்டு விதமாகவும் பேனா எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டால், செங்குத்து விசையை இனி யோசிக்காமல் எழுத மாட்டீர்கள்.

கப்பிக் கணக்கிலும் இதே கதை. வழுவழுப்பான மேசையில் 3 கிலோ, கயிற்றின் மறுமுனையில் 2 கிலோ தொங்குகிறது. கயிற்றின் இழுவிசை 20 நியூட்டன் என்று எழுதத் தோன்றும். அது 20 ஆக இருந்தால் தொங்குவது கீழே இறங்கவே காரணம் இல்லை. இரண்டையும் சேர்த்து 5 கிலோவை 20 நியூட்டன் இழுக்கிறது, முடுக்கம் 4, அப்படியானால் 3 கிலோவை இழுக்கும் கயிற்றில் இருப்பது 12 நியூட்டன்.

கேள்வியில் தொடு பரப்பு கொடுத்திருந்தால் பதற வேண்டாம். பெட்டியைப் படுக்க வைத்தாலும் நிமிர்த்தி வைத்தாலும் உராய்வு மாறாது என்பதை 1699-லேயே பிரான்சில் அமோன்டன்ஸ் சொல்லிவிட்டார், பெரும்பாலும் அந்த எண் உங்களைக் குழப்பத்தான் அங்கே இருக்கிறது.

விசையா, ஆற்றலா, எதில் போவது என்று கேட்பவர்களுக்கு: கேள்வியில் நேரமோ முடுக்கமோ வந்தால் விசை, தூரமும் வேகமும் மட்டும் என்றால் ஆற்றல். 3 மீட்டர் உயரமும் 5 மீட்டர் நீளமும் உள்ள சாய்தளத்தின் உச்சியிலிருந்து 2 கிலோ கட்டை சறுக்குகிறது, இயக்க உராய்வுக் குணகம் 0.5. உச்சியில் நிலை ஆற்றல் 60 ஜூல். செங்குத்து விசை 16, உராய்வு 8, அது 5 மீட்டருக்குத் தின்பது 40 ஜூல். மிச்சம் 20 ஜூல், வேகத்தின் வர்க்கம் 20, அதாவது அடியில் வேகம் ஏறக்குறைய 4.5 மீ/வி. உராய்வை உயரத்தோடு பெருக்கி 24 ஜூல் என்று எழுதிவிடாதீர்கள், கட்டை உரசிக்கொண்டு வந்த தூரம் 5 மீட்டர். சந்தேகம் இருந்தால் விசை வழியிலும் போய்ப் பாருங்கள்: சரிவில் 12, உராய்வு 8, முடுக்கம் 2, வேகத்தின் வர்க்கம் அதே 20.

பிரேக் போட்டு நிற்கும் வண்டிக் கணக்கும் ஆற்றலில் இரண்டே வரி. மணிக்கு 72 கிலோமீட்டரை முதலில் 5/18-ஆல் பெருக்கி 20 மீ/வி ஆக்குங்கள் (இதை மறந்துவிட்டு 72-ஐ அப்படியே வர்க்கம் எடுப்பவர்கள் ஏராளம்). சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்குகிறது, குணகம் 0.8 என்றால் 25 மீட்டர் போய் நிற்கும். மழைத் தண்ணீரில் குணகம் 0.4 ஆகக் குறைந்தால் 50 மீட்டர். வேகம் பாதியானால் தூரம் கால்வாசி. நிறை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போய்விடும், அதனால் நிறை கொடுக்கவில்லையே என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

சாய்தளத்தில் சைனா காஸா என்று குழம்பினால் மனப்பாடத்தை நம்பாமல் கோணத்தைச் சுழியமாக்கிப் பாருங்கள். சமதளம், சரிவு வழியே இழுப்பது எதுவும் இருக்கக்கூடாது, தரை முழு எடையையும் தாங்க வேண்டும். சைன் சுழியம், காஸ் ஒன்று. அப்படியானால் சரிவு வழியே இழுக்கும் பகுதிக்கு சைன், செங்குத்து விசைக்கு காஸ். மாற்றிப் போட்டிருந்தால் சமதளத்தில் சும்மா கிடக்கும் கட்டை 10 மீ/வி² முடுக்கத்தில் பக்கவாட்டில் ஓடுவதாக வரும், அப்போதே பேனாவை எடுத்து அடித்துவிடலாம்.