வெளியிடத்துல சர்ப்ரைஸா ப்ரபோஸ் பண்ணணுமா? இப்படி பிளான் பண்ணுங்க

முதல்ல ஒன்னு சொல்லிடறேன், எங்க கேக்கப் போறீங்க, எப்ப கேக்கப் போறீங்கங்கறது மட்டும் தான் சர்ப்ரைஸா இருக்கணும், கல்யாணப் பேச்சே சர்ப்ரைஸா இருக்கக் கூடாது. எந்த ஊர்ல இருக்கறது, வேலை, குழந்தை, ரெண்டு வீட்லயும் எப்படி பேசறதுன்னு ஏற்கனவே மனசு விட்டு பேசி முடிச்சிருந்தா தான் இந்த பிளானே. இன்னும் பேசலைன்னா லொகேஷன் தேடறத நிறுத்திட்டு முதல்ல அத பேசுங்க.

அடுத்து இடம். உங்களுக்கு பிடிச்ச இடம் வேண்டாம், அவங்களுக்கு எது சரியா வரும்னு பாருங்க. நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே கூசிப் போறவங்கள கூட்டத்து நடுவுல நிறுத்தி முட்டி போட்டா அவங்க சொல்ற பதில் உங்களுக்கா இல்ல சுத்தி நிக்கறவங்களுக்கான்னு தெரியாது. கூட்டம் பார்க்க கேட்டா "கொஞ்சம் யோசிக்கணும்"னு சொல்லக்கூட முடியாது, அதனால தான் கொஞ்சம் ஒதுக்குப்புறமான, ஆனா பாதுகாப்பான இடமே நல்லதுன்னு நான் சொல்லுவேன். குடும்பத்த மரத்துக்கு பின்னாடி ஒளிச்சு வைக்கிறதெல்லாம் பதில் என்னன்னு நூறு சதவீதம் தெரிஞ்சா மட்டும். பார்க் மாதிரி இடமா இருந்தா அலங்காரம், போட்டோஷூட், ட்ரோனுக்கெல்லாம் பெர்மிஷன் வேணுமான்னு முன்கூட்டியே கேட்டுடுங்க.

இப்ப நேரம், இதுல தான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. போன்ல காட்டற சன்செட் டைம் மறைப்பே இல்லாத அடிவானத்த வச்சு போட்ட கணக்கு, மேற்கு பக்கம் மலையோ பில்டிங்கோ இருந்தா அதுக்கு ரொம்ப முன்னாடியே வெயில் போயிடும். அதனால ரெண்டு மூணு நாள் முன்னாடி அதே நேரத்துக்கு தனியா போய் நின்னு பாருங்க, எங்க நிழல் விழுது, எப்ப கூட்டம் வருது, காத்து எப்படி அடிக்குதுன்னு எல்லாம் அப்பவே தெரிஞ்சிடும். சூரியன் மறையறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் தான் முகத்துக்கு நல்ல வெளிச்சம். மறைஞ்சப்புறம் மிச்சமிருக்கற வெளிச்சம் பூமத்திய ரேகை பக்கத்துல 20, 25 நிமிஷத்துல போயிடும், துருவத்த நோக்கி போகப் போக இன்னும் நேரம் நிக்கும்.

பீச்னா அலையையும் பாக்கணும். ஹை டைட், அதாவது கடல் தண்ணி உச்சமா ஏறற நேரம், தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளித் தள்ளி வரும், அதனால நேத்து காலியா கிடந்த மணல் ஒரு வாரம் கழிச்சு அதே நேரத்துல தண்ணிக்குள்ள இருக்கலாம். பௌர்ணமி அன்னைக்கு சூரியன் மறையற சமயத்துலயே நிலா எழும்பும், பாக்க அவ்ளோ அழகு, ஆனா அந்த நாட்கள்ல தண்ணி வழக்கத்த விட மேல ஏறும், தண்ணி எப்ப ஏறும், எப்ப இறங்கும்னு சொல்ற டைட் டேபிள் பாக்காம பூ, விளக்கெல்லாம் வைக்காதீங்க.

மோதிரம் சைஸுக்கு அவங்க அதே விரல்ல போடற ஒன்ன எடுத்து கடையில காட்டறது தான் பெஸ்ட். குளிர்ல விரல் சுருங்கும், வெயில்ல உப்பும், அதனால அங்க போட்டுப் பாக்கறப்ப கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா பதறாதீங்க. பெரிய சதுர பாக்ஸ் ஜீன்ஸ் பாக்கெட்ல புடைச்சுக்கிட்டு தெரியும், தட்டையான பாக்ஸ் வாங்கி ஜாக்கெட் உள்பாக்கெட்லயோ பையிலயோ வைங்க. வீட்லயே பத்து தடவ திறந்து பழகுங்க, கீல் உங்க பக்கம், வாய் அவங்க பக்கம்னு கைக்குப் பழகணும், இல்லன்னா நடுங்கற கையில மோதிரம் உங்களப் பார்த்து தான் திறக்கும். மணல், புல், பாலம், படகு இங்கெல்லாம் பாக்ஸ்ல இருந்து நேரா விரலுக்கு போகணும், நடுவுல ஆட்டிக் காட்டற வேலையே வேண்டாம்.

போட்டோ எடுக்கறவங்களுக்கு லொகேஷன் பின்னோட அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் போட்டிருக்கற டிரஸ் கலரையும் அனுப்புங்க, இல்லன்னா வேற ஜோடிய எடுத்துட்டு நிப்பாங்க. தூரத்துல இருந்து ஜூம் லென்ஸ்ல எடுக்கட்டும், நீங்க கேமராவுக்கு பக்கவாட்டுல நில்லுங்க, முதுக காட்டிடாதீங்க. கண்ணாடிய கழட்டறது மாதிரி ஒரு சிக்னல் பேசி வச்சுக்கோங்க.

அவங்கள வரவழைக்க ஆக்சிடென்ட், சண்டைன்னு பயமுறுத்தற பொய் எதுவும் சொல்லாதீங்க, அந்த படபடப்பு முகத்துல அப்படியே நிக்கும். "போட்டோ எடுக்கலாம், நல்லா டிரஸ் பண்ணிட்டு வா" போதும், நடக்கற தூரம் இருந்தா செருப்பு பத்தியும் சொல்லிடுங்க.

வானிலைய ஒரு வாரத்துக்கு முன்னாடி பாத்து நம்பாதீங்க, கடைசி ரெண்டு மூணு நாள் தான் ஓரளவு சரியா இருக்கும், பக்கத்துலயே கூரை இருக்கற இன்னொரு இடத்தையும் பார்த்து வைங்க. காத்துல மெழுகுவர்த்தி நிக்காது, பேட்டரி விளக்கு போதும். பலூன் பறக்க விடறதும் வான விளக்கு விடறதும் வேண்டவே வேண்டாம், ஒன்னு பறவை வயித்துக்கு போகும், இன்னொன்னு எங்கயாவது தீ வைக்கும்.

பேசறத சுருக்கமா வைங்க. பேர சொல்லி கூப்பிட்டு, ஏன் இவங்க தான்னு ரெண்டு வரி, அப்புறம் கேள்வி. கேட்டுட்டு சும்மா இருங்க, அவங்க அழுதாலும் சிரிச்சாலும் அவங்களே பேசற வரைக்கும் நீங்க பேசி அந்த அமைதிய நிரப்பாதீங்க. சரின்னு சொன்னப்புறம் முதல் போன் அவங்க யாருக்கு பண்ணணும்னு ஆசைப்படறாங்களோ அவங்களுக்கு போகட்டும், ஸ்டேட்டஸ் போடறத அதுக்கப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணிக்கலாம்.